பக்கத்து வீட்டில் கேட்பார்கள்

நான் மக்களுக்குச் சேவை செய்வதற்காகப் போலீசில் சேரவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவன் பொய் சொல்கிறான், இல்லையென்றால் அவன் வீட்டுக்கு வாடகை வருகிறது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நாளையிலிருந்து வராதே என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டு நிறுத்திவிட முடியாத ஒரு வேலை.

அப்போது நான் ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தேன். பிரஸ் ஷாப். தகட்டை உள்ளே வை, பட்டனை அழுத்து, வெளியே எடு. முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்ட அந்த வேலைக்கு என்னை வருஷக்கணக்கில் ட்ரெய்னி என்றே வைத்திருந்தார்கள். ஒரு ட்ரெய்னிங் முடிந்தால் வேறு பெயரில் இன்னொரு ட்ரெய்னிங். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிறு மட்டும் நிறம் மாறும். பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். எனக்குப் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு மறுபடியும் பச்சை. எங்கள் ஊர் மண்ணூர். அங்கே எங்கள் ஆட்களுக்கு இந்தக் கயிற்று நிறமெல்லாம் அத்துப்படி. பெண் கேட்டுப் போனால் பெண்ணின் அப்பா முதலில் விசாரிப்பது அதைத்தான்.

எங்கள் வீட்டை ஒட்டி என் பெரியப்பா வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எங்களுக்கும் முதல் அறைக்கும் ஒரே சுவர். அதில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் இருந்தான். என் வயது. அதே கம்பெனி, அதே பிரஸ் ஷாப், வேறு ஷிப்ட். அவனும் போலீஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான் என்பது குழாயடியில்தான் தெரிந்தது. என் கையில் இருந்த பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து, அது பழைய பதிப்பு, பாதிக் கேள்வி மாறிவிட்டது என்றான். அன்றிலிருந்து ஒன்றாகப் படித்தோம். அவன் என்னை மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன். நான் 'கீது' என்று சொன்னால் 'எது கீது, எங்க கீது' என்று கிண்டல் செய்வான். அவன் 'சொல்லுதேன்' என்றால் நான் ஒரு நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி அவனைக் கடுப்பேற்றுவேன். எங்கள் வீட்டில் மீன் குழம்பு என்றால் அம்மா ஒரு கிண்ணத்தில் அவனுக்கும் ஊற்றிக் கொடுப்பாள்.

பயிற்சிக்குப் பிள்ளைப்பாக்கம் பக்கம் போவோம். தொழிற்பேட்டைக்கென்று பிரித்துப் போட்ட மனைகளில் இன்னும் கம்பெனி வராத இடம் அங்கே நிறைய. தார் ரோடு போட்டாயிற்று, விளக்குக் கம்பம் நட்டாயிற்று, இரண்டு பக்கமும் முள்ளுச் செடி. விடிகிற நேரத்தில் அந்த ரோட்டில் லாரி இருக்காது. போலீசுக்கு ஓடுகிறவர்கள்தான் இருப்பார்கள். ஒரு மனையின் வாசலில் யாரோ இரும்பு வளைவு கட்டியிருந்தார்கள். வளைவு வந்தது, கம்பெனி வரவில்லை. அதில் கயிறு கட்டி ஏறிப் பழகினோம்.

அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கயிற்றில் அவன் ஏறும்போது கால் சும்மா தொங்கும், கையாலேயே போய்விடுவான். எனக்குக் கை பரவாயில்லை, மூச்சுதான் தகராறு. பிரஸ் ஷாப்பில் எண்ணெய்ப் புகையை இழுத்து இழுத்து நெஞ்சு விரியவே விரியாது. விரிய வேண்டிய அளவுக்கு விரியவில்லை என்றால் உயரம் இருந்தும் பிரயோஜனம் இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் இருவருக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது தாண்டிவிடும்.

எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினோம். உடல்தகுதித் தேர்வும் ஒரே நாளில் வந்தது. மார்பு அளக்கிற இடத்தில் டேப் பிடித்திருந்தவர் மூச்சை இழு என்றார். இழுத்தேன். இன்னும் என்றார். கண்ணில் பூச்சி பறந்தது. அவர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த இடத்துக்குக் கையைக் காட்டினார். அந்தக் கை எந்தப் பக்கம் காட்டுகிறது, உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிட்டேன். உள்ளேதான்.

அதன் பிறகு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். நாங்கள் இருவரும் ஒரே கூட்டத்தில் ஓடினோம். கடைசிச் சுற்றில் எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. வேகத்தைக் குறைத்து என் பக்கத்துக்கு வந்தான்.

"கம்பெனி பஸ்ஸு போகுதுல மாப்ள. விட்டா சம்பளம் கட் ஆயிரும். ஓடு" என்றான்.

பிறகு என் அப்பாவை, தாத்தாவை, எங்கள் ஊரை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பக்கத்தில் ஓடினான். அவனை அடிக்க வேண்டும் என்கிற வெறியில்தான் நான் கோட்டைத் தாண்டினேன். தாண்டியதும் கீழே விழுந்தேன். அவன் என்னைத் தூக்கி நிறுத்தினான். இதை எழுதாமல் விட்டால் இனிமேல் எழுதப்போவதெல்லாம் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓடி, ஏறி, தாண்டி எல்லாம் முடிந்தாலும் வேலை கிடைத்ததாக அர்த்தம் இல்லை. அதற்குப் பிறகு மருத்துவம், அதற்குப் பிறகு போலீஸ் விசாரணை. உன் பெயரில் கேஸ் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் பார்ப்பார்கள். உன் தெருவுக்கு வந்து, பக்கத்து வீட்டில் உன்னைப் பற்றிக் கேட்பார்கள். கேஸ் இருந்தால் முடிந்தது. அது பெரிய கேஸா சின்ன கேஸா என்ற பேச்சே இல்லை. கோர்ட்டில் விடுதலை ஆனாலும் சந்தேகத்தின் பலனில் விட்டார்கள் என்றால் வெளியேதான். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கடைக்கு மாடியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இதை வகுப்பு தவறாமல் சொல்வார். வெரிஃபிகேஷன் முடிகிறவரை கூட்டம் கூடுகிற இடத்தில் நின்று டீ கூடக் குடிக்காதே என்பார். கோயில் திருவிழாவுக்குப் போகாதே, கட்சிக் கொடி கட்டாதே, பங்காளிச் சண்டையில் விலக்கிவிடக்கூடப் போகாதே. இருக்கிற இடம் தெரியாமல் இரு. நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த விபத்து நடந்தது.

பிரஸ் மெஷினில் கை உள்ளே இருந்தால் இறங்காமல் தடுக்க ஒரு சென்சார் உண்டு. அது இருந்தால் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடும். டார்கெட் போக வேண்டும் என்று அதை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லியிருந்தார்கள். என் ஷிப்டிலும் அப்படித்தான் ஓடியது. அவன் ஷிப்டில், அவனுக்கு அடுத்த மெஷினில் நின்றவன் கை மாட்டிக்கொண்டது. இவன்தான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினான். இவன்தான் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான். ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் பதிவாகும் என்று சூப்பர்வைசர் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிபட்டவன் போன் பார்த்துக்கொண்டு வேலை செய்தான் என்று மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பிரஸ் ஷாப்புக்குள் போன் கொண்டுபோகவே முடியாது. கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் குழாயடியில் அந்தச் சட்டையை அலசிக்கொண்டிருந்தான். நாளையிலிருந்து ஆட்கள் வேலைக்குப் போகாமல் கம்பெனி கேட்டில் உட்காரப் போகிறார்கள் என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

"நீ போவாத மாப்ள" என்றேன். "வெரிஃபிகேஷன் முடியட்டும். அப்புறம் இன்னா வேணா பண்ணு."

அவன் நிமிரவில்லை. "அவன் வெரலு ரெண்டையும் நாந்தாம்ல கீழ கெடந்து பொறுக்குனேன்" என்றான்.

"நீ போய் ரோட்ல உக்காந்தா வெரலு ஒட்டிக்குமா?"

அவன் சட்டையைப் பிழிந்தான். நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. விரல் ஒட்டவில்லை. நான் சொன்னதுதான் நடந்தது.

மறுநாள் கம்பெனி பஸ் வந்தது. வழக்கமான பஸ் இல்லை, ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்த பஸ். ஷிப்டுக்கு வருகிறவர்கள் ஏறலாம் என்று மெசேஜ் போட்டிருந்தார்கள். வராமல் இருந்தால் என்ன என்று கேட்கலாம். வராதவன் எல்லாம் கேட்டில் உட்கார்ந்தவன் என்று கணக்கு வைப்பார்கள். உட்காராமல் வீட்டில் படுத்திருந்தாலும் அதே கணக்குத்தான். எனக்கு நடுவில் நிற்க இடம் இல்லை. ஏறினேன்.

கேட்டுக்கு முன்னால் ரோட்டை மறித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் மெதுவாகப் போய் நின்றது. முன் வரிசையில் அவன் இருந்தான். அவனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ்ஸைத் தட்டினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எங்களில் சிலரை. என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. என் ஷூவையும் தரையில் கிடந்த ஒரு பிஸ்கட் கவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் கண்ணாடி உடைந்தது. யாரோ அலறினார்கள். அப்போதும் நிமிரவில்லை. போலீஸ் விசில் சத்தம் கேட்டது, இழுக்கிற சத்தம் கேட்டது, பிறகு பஸ் நகர்ந்தது.

உட்கார்ந்தவர்களை எல்லாம் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மத்தியானம் பொட்டலம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். எப்போதும் நடப்பதுதான். ஆனால் இந்தத் தடவை கண்ணாடி உடைந்ததற்கும் வழிமறித்ததற்கும் கேஸ் போட்டார்கள். எல்லோர்மேலும் இல்லை, சிலர்மேல். அவன் அதில் ஒருவன். முன் வரிசையில் உட்கார்ந்து அவன்தான் பேசியிருக்கிறான், அடிபட்டதைக் கண்ணால் பார்த்தவன் அவன்தானே.

போராட்டம் அந்த வாரத்திலேயே முடிந்துபோனது. அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பஸ்ஸில் போன எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். நான் வாங்கினேன். சாப்பிடவும் சாப்பிட்டேன்.

பஸ்ஸில் வந்தவர்களைக் கூப்பிட்டு, கண்ணாடியை உடைத்தது யார் என்று கம்பெனியில் கேட்டது உண்மை. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மையிலேயே தெரியாது. மற்றவர்கள் என்ன சொன்னார்களோ அதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பக்கத்து அறைக்காரனின் பெயர் போலீசுக்கு எப்படிப் போயிருக்கும், இவன்தானே பஸ்ஸில் இருந்தான் என்று பேசினார்கள். என் முகத்துக்கு நேராக ஒருத்தனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பல்லைப் பெயர்த்திருப்பேன். கேட்காதவனிடம் போய் நான் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது?

அவனும் கேட்கவில்லை. அவனுக்கு ஒரு குடோனில் லோடு இறக்குகிற வேலை கிடைத்தது. காலையில் குழாயடியில் நான் நின்றால் அவன் வரமாட்டான். அவன் நின்றால் நான் போகமாட்டேன். அம்மா குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்வான், கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பான். அவ்வளவுதான்.

தேர்வானவர்களின் பட்டியல் வந்தபோது இரண்டு பேர் பெயரும் இருந்தது. அவன் மதிப்பெண் என்னைவிட மேலே. விசாரணைக்கு அவன் பேப்பர் ஸ்டேஷனுக்கு வந்ததும் கேஸ் இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு அது முன்பே தெரியும். அவன் அழுதானா, குடித்தானா, எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

என் பேப்பர் இன்னும் வரவில்லை. அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. சர்ச்சில் ஜெபக் குறிப்பு எழுதிப் போட்டாள். ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"போலீசு வந்தா பக்கத்துல கேப்பாங்க இல்ல?"

"கேப்பாங்க."

"பக்கத்துல அவன்தானடா கீறான்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீயும் அவர்களோடு கேட்டில் உட்கார்ந்திருந்தாய் என்று ஒரு வார்த்தை, அப்புறம் நீ நடையாய் நடந்தாலும் ஆர்டர் வராது என்றாள். அது எனக்குத் தெரியாதா? ராத்திரி பகல் அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பொய் என்று பிறகு நிரூபிக்கலாம். நிரூபிப்பதற்குள் மற்றவர்களைப் பயிற்சிக்கு அழைத்துவிடுவார்கள், என் வயது போய்விடும்.

"போய் அவன் கையில ஒரு வார்த்த பேசு. கால்ல வுழுந்தாலும் தப்பில்ல" என்றாள்.

"நான் இன்னா தப்பு பண்ணேன், கால்ல வுழ?"

"தப்பு பண்ணவன்தான் வுழுவானா? காரியம் ஆவணும்னா வுழுவாங்கடா."

நான் போகவில்லை. போயிருந்தால் நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

போலீஸ்காரர் ஒரு காலையில் வந்தார். சீருடை இல்லை, சாதாரணச் சட்டை. ஆனால் பைக்கை நிறுத்திய விதத்திலேயே தெரிந்தது, வாசலை அடைத்து நிறுத்தினார். ஐம்பது வயது இருக்கும். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, அப்பா என்ன செய்கிறார், நிலம் இருக்கிறதா, அண்ணன் தம்பி உண்டா, கட்சியில் இருக்கிறாயா என்று கேட்டார். நான் நின்றுகொண்டே பதில் சொன்னேன். டீயைக் குடித்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

பக்கத்தில் யாரையாவது கேட்க வேண்டும் என்றார். அம்மா உடனே மூலைக் கடைக்காரரைக் காட்டினாள். எதிர்வீட்டுச் சித்தியைக் காட்டினாள். சொந்தக்காரர் வேண்டாம் என்றார் அவர். எழுந்து வாசலுக்கு வந்தார். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. அன்றைக்குக் குடோனில் லோடு இல்லை போல, அவன் உள்ளே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

போலீஸ்காரர் நிலைப்படியில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ அந்த பஸ் கண்ணாடி கேசுல இருக்கறவன் தானே?"

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். ஆமாம் சார் என்றான்.

அங்கேயே விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போயிருக்கலாம் அந்த மனுஷன். போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். என் பேப்பரைப் பிரித்துக் கம்பெனிப் பெயரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. மறுபடியும் அவன் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா? சரி, நீயே சொல்லு. அன்னிக்கு இவன் எங்க இருந்தான்?"

எனக்குப் பின்னால் அம்மா நின்றாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நான் அவனைப் பார்த்தேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்க்கிறேன். இளைத்திருந்தான். தோள்பட்டையில் மூட்டை தூக்கிய தழும்பு. வெங்காயம் நறுக்கிய கண்ணில் தண்ணீர் நின்றது, அதை அவன் துடைக்கவில்லை. அவன் அவசரப்படவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னோடு உட்கார்ந்திருந்தான் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"அவரு பஸ்ஸுக்குள்ள இருந்தாரு சார்" என்றான்.

அவரு. இருந்தாரு. மாப்ள என்று கூப்பிட்ட வாய்.

அம்மா பெருமூச்சு விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. போலீஸ்காரர் பேப்பரை மடித்துவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"பஸ்ஸுக்குள்ளயா? அப்ப கண்ணாடிய ஒடச்சவன நீ பாத்திருப்பியே."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவன் என்ன சொல்வான் என்றே இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். என்னைக் கேட்பார்கள் என்று நினைக்கவே இல்லை. கேஸுக்குச் சாட்சி கிடைக்காமல் இருந்திருக்கும் போல. போலீஸ் ஆகப்போகிற பையன் சாட்சி என்றால் அவருக்குச் சந்தோஷம். என் பேப்பர் அவர் கையில். அவர் கண்ணால் பக்கத்து அறைக்காரனைக் காட்டினார், இவன்தானா என்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

"பாக்கல சார்" என்றேன்.

"பஸ்ஸுக்குள்ள இருந்துக்கினு பாக்கலயா?"

"தல குனிஞ்சிக்கினு இருந்தேன் சார்."

"கண்ணு முன்னாடி நடந்தத பாக்காதவன்லாம் டிபார்ட்மென்டுக்கு வந்து இன்னாடா கிழிக்கப்போறே? பயப்படாம சொல்லு. இவன் இங்க நிக்கறான்னு பாக்காத."

நான் சொல்வது பொய் என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். கூட்டாளியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தார். நான் யாரையும் காப்பாற்றவில்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் கூட்டாளி என்று அவர் எழுதிவிட்டால், அவனோடு உட்கார்ந்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? மறுபடியும் பாக்கல சார் என்றேன்.

அப்போது அவன் பேசினான்.

"அவரு பாக்கல சார். நான் கீழ இருந்து அவரத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். பஸ்ஸு வந்து நின்னதுலருந்து போறவரைக்கும் தலையத் தூக்கவே இல்ல. கண்ணாடி ஒடஞ்சப்பவும் தூக்கல. எங்கள அடிச்சப்பவும் தூக்கல. யாருக்கு என்ன நடந்தாலும் அவரு பாக்க மாட்டாரு. நல்ல ஒழுக்கம் சார். ஒரு வம்புதும்பு கெடையாது. தாராளமா எடுத்துக்கலாம்."

ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. மூலைக் கடையில் சாமான் சொல்கிற மாதிரி சொன்னான்.

போலீஸ்காரர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அது போதும்" என்றார்.

எங்கள் வாசலுக்கு வந்து, பைக் சீட்டில் பேப்பரை வைத்து ஏதோ எழுதினார். அடுத்த அறையில் ஒருவனைக் கையெழுத்துப் போடச் சொன்னார். கேஸ் இருக்கிறவன் கையெழுத்து செல்லாது இல்லையா? கிளம்பும்போது அம்மாவிடம், ஒன்றும் பயப்படாதீர்கள், பையன் நல்ல பையன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அங்கேயே உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேலை உறுதியாகிவிட்டது, ஆனால் கையில் கிடைத்ததை எல்லாம் உடைக்க வேண்டும் போல இருந்தது. அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவன் மறுபடியும் வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா நெனச்சிக்கினு கீற நீ? எல்லார் முன்னாடியும் என்ன அசிங்கப்படுத்துற?"

"உள்ளதத்தான சொன்னேன்."

"என்னப் பழி வாங்கணும்னா நேரா வாங்கு. நானும் கேட்ல இருந்தேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றான். "சொன்னா அந்த எடம் எனக்கா வரும்? எவனோ ஒருத்தனுக்குப் போகும். ஒனக்கு என்ன, என்மேல பழியப் போட்டுட்டு ஆயுசு முழுக்க நிம்மதியா திட்டிக்கிட்டு இருப்ப. அந்தச் சொகத்த நான் எதுக்குக் குடுக்கணும்?"

நான் போட்டுக்கொடுக்கவில்லை என்று அப்போதுதான் முதல்முறையாக அவனிடம் சொன்னேன். கம்பெனியில் கேட்டார்கள், தெரியாது என்றுதான் சொன்னேன், உன் பெயரை நான் சொல்லவே இல்லை என்றேன்.

"தெரியும்" என்றான். "நீ சொல்லியிருக்க மாட்ட. சொல்லணும்னா பாத்திருக்கணும்ல."

அதற்குமேல் அவன் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தான். எண்ணெய் ஊற்றினான். நான் இன்னும் நிற்கிறேன் என்பதே அவனுக்குத் தெரியாத மாதிரி இருந்தான். வெங்காயம் வதங்குகிறவரை நின்றேன், பிறகு வெளியே வந்தேன்.

ஆர்டர் வந்தது. கம்பெனியில் கயிற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று சீருடையில் இருக்கிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, வாட்ஸ்அப்பைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அந்த பஸ்ஸில் ஏறியது தப்பா என்று கேட்டால், மறுபடியும் ஏறுவேன் என்றுதான் சொல்வேன். என்னைக் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் முதலில் அவன் கழுத்தில் என்ன நிறக் கயிறு என்று பார்ப்பேன். இவ்வளவும் தெரிந்த பிறகும் அவன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. நான் ஒரு நாள்கூட அவனை நிம்மதியாகத் திட்டியதும் இல்லை.

பயிற்சிக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பக்கத்து அறைக் கதவில் பெரியப்பாவின் பூட்டு தொங்கியது. அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவன் எங்க?"

"காலி பண்ணிக்கினு போய்ட்டான். ஓசூர்ல எதோ கம்பெனியாம்."

"சொல்லிட்டுப் போனானா?"

"சொன்னான். எங்கிட்ட சொன்னான்" என்றாள் அம்மா. கீரைத் தண்டை ஒடித்து முறத்தில் போட்டாள். "உங்கிட்ட இன்னாத்துக்குடா சொல்லணும்?"